வளைந்த பலகையில் எழுத்து செதுக்க: மேற்பரப்பை அளந்து மேப் எடுப்பது எப்படி?

கேட்டவர் சேலம் அம்மாபேட்டையில் சின்னதாக ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் இயந்திரம்) பட்டறை வைத்திருக்கிறார். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் சில்வர் ஓக் பலகையில் பெயர் செதுக்கிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. பலகை 600-க்கு 200, கனம் 20 மி.மீ.; இழைத்து, பாலிஷ் போட்டே கைக்கு வருகிறது. 90 டிகிரி வி பிட்டில் (கூம்பு முனையுள்ள வெட்டுக்கருவி) 1.5 மி.மீ. ஆழம் வைத்து ஓட்டினால் நடுவில் எழுத்து நன்றாக வருகிறது, ஓரங்களில் தடித்துப்போகிறது. ஓரத்தில் ஜீரோ (ஆழத்தை அளக்கத் தொடங்கும் உயரம்) வைத்தாலோ நடுவில் பிட் மரத்தையே தொடுவதில்லை. அடியில் அட்டை மடித்துக் கொடுத்துப் பார்த்தும் தீரவில்லை. "புரோப் (தொட்டு அளக்கும் கருவி) வைத்து மேற்பரப்பை மேப் எடு, சரியாகிவிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரத்தில் மின்சாரம் பாயாதே, எப்படித் தொட்டு அளப்பது? எத்தனை புள்ளி அளப்பது? ஒவ்வொரு பலகைக்கும் இதைச் செய்ய வேண்டுமா? இவைதான் அவருடைய கேள்விகள். இயந்திரத்தை ஓட்டும் கன்ட்ரோலர் ஜிஆர்பிஎல் (ஒரு இலவச மென்பொருள்) வகை என்கிறார்.

வழி சரிதான். ஆனால் மேப் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் இறங்கினால் ஒரு புரோப் வாங்கிய செலவுதான் மிஞ்சும்.

முதலில், எழுத்து ஏன் இவ்வளவு கெடுகிறது என்று ஒரு கணக்கு. 90 டிகிரி வி பிட்டில் கோட்டின் அகலம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு. 1.5 ஆழத்துக்கு 3 மி.மீ. அகலம். பலகை குறுக்குவாக்கில் 2 மி.மீ. குழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஜீரோ எடுத்தால் ஓரத்தில் ஆழம் 3.5 ஆகிறது, கோடு 7 மி.மீ. ஆகிறது. 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டிய மெல்லிய மரச்சுவர் பெயர்ந்துபோவது இதனால்தான். 60 டிகிரி பிட்டில் அகலம் ஆழத்தைப் போல 1.15 மடங்கு, 30 டிகிரியில் ஏறக்குறைய பாதி. கூர்மையான பிட்டுக்கு மாறினால் தவறு குறைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பங்களா வாசலில் தூரத்திலிருந்து படிக்க வேண்டிய பலகைக்கு 90 டிகிரி வெட்டின் நிழல்தான் எடுப்பாக இருக்கும். அதனால் பிட்டை மாற்றச் சொல்ல மாட்டேன்.

பாலிஷ் போடாத பலகையாக வாங்க முடியுமென்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். அகலமான பிட்டைப் போட்டு முழு முகத்தையும் அதே இயந்திரத்தில் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. இழைத்துவிட்டால் மேப்பே வேண்டாம். ஒரு பரப்பை இழைக்கக்கூடாது என்றால் மட்டுமே அதை அளந்து பின்தொடர வேண்டும்: பாலிஷ் ஏறிய மரம், மைக்கா ஒட்டிய பிளைவுட், மெருகேற்றிய கிரானைட், செம்புப் பூச்சு வெறும் 0.035 மி.மீ. இருக்கும் சர்க்யூட் போர்டு, வெள்ளித் தட்டு, இந்த மாதிரி. உங்கள் பலகையும் இந்த வரிசையில்தான் வருகிறது, அதனால் மேலே படியுங்கள்.

ஜி38.2 என்ற கட்டளை கொடுத்தால் இசட் அச்சு (மேலும் கீழும் நகர்வது) மெதுவாக இறங்கும். புரோப் எதையாவது தொட்ட கணத்தில் நின்று, தொட்ட உயரத்தைச் சொல்லும். பரப்பின் மேல் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் இப்படித் தொட்டுக் கிடைக்கும் உயரங்களின் அட்டவணைதான் மேப். அந்த உயரங்களில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன: பலகையின் சொந்த வளைவு, கிளாம்ப் அழுத்தியதால் வந்த வளைவு, உங்கள் இயந்திரத்தின் கோணல். கேன்ட்ரி (பிட்டைச் சுழற்றும் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கலாம், பெட் (பலகை கிடக்கும் மேசை) ஒரு மூலையில் இறங்கியிருக்கலாம். இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதே இல்லை. அளந்த அதே இயந்திரம்தான் வெட்டப்போகிறது, கிளாம்பும் அதேதான், அதனால் கோணல் தானாகக் கழிந்துவிடும். இதுதான் இந்த முறையின் அழகு.

ஆனால் இதிலிருந்தே வேறு சிலவும் வருகின்றன. மேப்பைப் பார்த்து 'பலகை மட்டமாக இருக்கிறது' என்று சொல்ல முடியாது. அதற்கு மட்டக்கோல் வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி மறுபடி முடுக்கினால் பழைய மேப் செல்லாது. நேற்று எடுத்த மேப்பை இன்று அடுத்த பலகைக்குப் போட முடியாது. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேயே வந்துவிட்டது: ஆமாம், ஒவ்வொரு பலகைக்கும், கிளாம்ப் செய்த பிறகு.

இன்னொன்று, மேப் உயரத்தை மட்டும்தான் திருத்தும். ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சாய்ந்திருந்தால் வெட்டும் சாய்ந்தேதான் வரும். ஸ்பிண்டிலில் ஒரு கம்பியை மாட்டி, அதன் நுனியில் டயல் கேஜைக் கட்டி, பெட்டின் மேல் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நான்கு திசையிலும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இதை முடிக்காமல் மேப்புக்குப் போகாதீர்கள்.

அப்புறம் அந்த அட்டை. பலகையின் நடு தாழ்ந்து ஓரம் உயர்ந்திருக்கிறது என்றால் அது வயிற்றை பெட்டில் வைத்துக்கொண்டு தொட்டில் மாதிரி ஆடுகிறது. ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் கொஞ்சம் தட்டையாகும், கழற்றினால் பழையபடி வளையும். அட்டை அழுத்தத்தில் நசுங்கும், ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதற்குப் பதில் மைக்கா துண்டோ மெல்லிய பிளைவுட் ஆப்போ ஓரங்களின் அடியில் இடைவெளி அடையும் அளவுக்குச் செருகி, சரியாக அதன் தலைக்கு மேலேயே கிளாம்பை வையுங்கள். மட்டமாக்குவது இங்கே நோக்கமில்லை. ஆடாமல், அழுந்தாமல் நிற்க வைப்பதுதான் நோக்கம். மட்டத்தை மேப் பார்த்துக்கொள்ளும்.

முடிந்தால் முகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு விஷயம் கவனியுங்கள். பலகையின் வெட்டுமுனையில் மரத்தின் வளையங்கள் தெரியும். மரம் காயும்போது பட்டைப் பக்கம் குழியும், வைரப் பக்கம் (மரத்தின் நடுவை நோக்கிய பக்கம்) புடைக்கும். வைரப் பக்கத்தை மேல்முகமாக வைத்தால் இரண்டு ஓரமும் பெட்டில் உட்காரும், பலகை ஆடாது. ஆனால் நடுவில் அடியில் காற்று இருக்கும். அங்கே வெட்டும்போது பலகை உள்ளே அமுங்காமல் இருக்க நீளவாக்கில் ஒரு மெல்லிய சட்டத்தைச் செருகிவிடுங்கள். தச்சர்களிடம் கேட்டால் இதெல்லாம் அவர்களுக்குக் கைவழக்கம்.

இப்போது மரத்தைத் தொடும் சிக்கல். உலோகத்தில் இது ஒன்றுமே இல்லை. பிட்டில் ஒரு கிளிப், தட்டில் ஒரு கிளிப், இரண்டும் தொட்டால் சர்க்யூட் மூடும், அவ்வளவுதான். மரத்துக்கு நான்கைந்து வழிகள் உண்டு, எல்லாம் ஒரே தரம் இல்லை.

சமையலறை அலுமினியத் தாளை விரித்து அதன் மேல் தொடுவது பலர் சொல்லும் யோசனை. தாளின் கனம் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது சுருங்கும், ஓரிடத்தில் எழும்பி நிற்கும். ஒட்டினால் கழற்றும்போது பாலிஷும் கூட வரும். உங்கள் வேலைக்கு வேண்டாம். 2 மி.மீ. கனத்தில் வட்டமான ஒரு பித்தளைத் தகட்டை ஒவ்வொரு புள்ளியிலும் கையால் நகர்த்தி வைத்து அதைத் தொடலாம். பதினைந்து புள்ளி வரை பொறுமை இருக்கும், அதற்கு மேல் இருக்காது. லேசர் சென்சார் வேகமானது, தொடவும் வேண்டாம். ஆனால் மெலமைன் பாலிஷ் போட்ட பளபளப்பான மரத்தில், அதுவும் இருண்ட ரேகையும் வெளிறிய ரேகையும் மாறி மாறி வரும் சில்வர் ஓக்கில், ஒளி சிதறி அளவு குதிக்கும்.

நான் சொல்வது ஸ்பிரிங் உள்ள டச் புரோப். கோலெட்டில் (பிட்டைப் பிடிக்கும் வாய்) பிட் போலவே மாட்டலாம், அடியில் சின்ன உருண்டை வைத்த ஊசி இருக்கும், எதைத் தொட்டாலும் உள்ளே தொடர்பு அறுந்து சிக்னல் வரும். பொருள் மின்சாரம் கடத்த வேண்டியதில்லை. இந்தக் கருவிக்கு ஒரு பெரிய பூர்வீகம் உண்டு. கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டியிருந்தபோது, ரோல்ஸ் ராய்ஸில் இருந்த டேவிட் மக்மர்ட்ரி 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. அதை வைத்து 1973-ல் ரெனிஷா நிறுவனம் பிறந்தது. இன்று ஆன்லைனில் கிடைக்கும் மலிவுப் புரோப்களும் அதே மூன்று கால் ஆசனத் தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன: ஊசி மூன்று கால்களில் உட்கார்ந்திருக்கும், எதையாவது தொட்டால் கால் எழும்பித் தொடர்பு அறும். மூன்று கால் என்பதால் பக்கவாட்டில் தொட்டால் திசைக்குத் திசை சிக்னல் வரும் தூரம் கொஞ்சம் மாறும். நாம் மேலிருந்து கீழே மட்டும் தொடுவதால் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

உருண்டை வைத்த ஊசியில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. சரிவான இடத்தில் உருண்டையின் அடிப்பகுதி தொடுவதில்லை, பக்கம் தொடுகிறது. அதனால் பரப்பு உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். உருண்டையின் ஆரம் 1 மி.மீ. என்றால் 10 டிகிரி சரிவில் இந்தத் தவறு 0.015 மி.மீ., 30 டிகிரியில் 0.15 மி.மீ. உங்கள் பலகையில் ஓரத்துச் சரிவே 2.3 டிகிரிதான், மறந்துவிடலாம். கும்பம், செம்பு மாதிரி வளைந்த பொருளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதற்கெல்லாம் மேப் பற்றாது, சுழலும் அச்சுதான் வேண்டும். செங்குத்தாக இறங்கும் பிட் சரிவில் எழுத்தை நீட்டிவிடும்.

புரோப்பை ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பிராக்கெட்டில் மாட்டலாமா என்று கேட்பார்கள். முடிந்தவரை வேண்டாம். அளக்கும் இடமும் வெட்டும் இடமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பது 1890-ல் எர்ன்ஸ்ட் ஆபே சொன்ன விதி. பக்கத்தில் 60 மி.மீ. தள்ளி இருந்து, ஓடும்போது ஸ்பிண்டில் தாங்கி மீட்டருக்கு ஒரு மி.மீ. அளவு சாய்ந்து சாய்ந்து வந்தால், அளவில் 0.06 மி.மீ. தவறு நுழையும். அதோடு, கோணல் தானாகக் கழியும் என்று மேலே சொன்னேனே, அந்த வசதியும் போய்விடும்.

தொடும் விதம் பற்றியும் கொஞ்சம். ஒரே வேகத்தில் தொட்டுவிட்டு நகராதீர்கள். முதலில் சற்று வேகமாக இறங்கித் தொட்டு, ஒரு மி.மீ. மேலே ஏறி, பிறகு நிமிடத்துக்கு 50 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான வேகத்தில் இரண்டாவது முறை தொட்டு அந்த அளவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜிஆர்பிஎல் சிக்னல் வந்த கணத்தின் உயரத்தைத்தான் பதிவு செய்கிறது. அதன் பிறகு அச்சு நிற்க எடுக்கும் தூரம் அளவைக் கெடுக்காது, ஆனால் வேகம் அதிகமானால் ஊசியைக் கெடுக்கும். ஸ்பிண்டில் ஓடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. அதன் இன்வெர்ட்டரையும் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நிறுத்திவிடுங்கள். புரோப் ஒயரில் ஏறும் இரைச்சலால் நடுவானிலேயே "தொட்டுவிட்டேன்" என்று சொல்லும் இயந்திரங்கள் ஏராளம். ஷீல்டு ஒயர் போட்டு, புரோப் உள்ளீட்டுக்கும் தரைக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓட்டுவதற்கு முன் ஊசியை விரலால் தள்ளி, திரையில் புரோப் சிக்னல் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இசட்டை இறக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ ஊசிகளைக் காப்பாற்றும்.

எத்தனை புள்ளி என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். எண் பலகையின் வளைவைப் பொறுத்தது, கணக்குப் போட்டே சொல்லலாம்.

சாய்வு மட்டும் என்றால் மூன்று புள்ளி போதும். முறுக்கு, அதாவது ஒரு மூலை மட்டும் தூக்கியிருப்பது, பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நீளவாக்கில் சீராக முறுக்கிய பலகைக்கு நான்கு மூலை அளந்தாலே போதும். கட்டத்தின் நான்கு மூலை உயரங்களிலிருந்து நடு உயரத்தைக் கணக்கிட மென்பொருள்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரமே ஒரு முறுக்குப் பரப்புதான், அதனால் அச்சாகப் பொருந்திவிடும். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, பலகையின் இரண்டு முனையிலும் ஒரே அகலமுள்ள இரண்டு நேர்க்குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணை இறக்கிப் பாருங்கள்.

சிக்கல் குழிவுதான். இரண்டு புள்ளிக்கு நடுவே மென்பொருள் நேர்கோடு போடுகிறது, மரம் வில்லாக வளைந்திருக்கிறது. நடுவில் வரும் வித்தியாசம் இடைவெளியின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 200 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. குழிவு என்றால் ஆரம் 2500 மி.மீ. புள்ளிகளை 100 மி.மீ. இடைவெளியில் வைத்தால் தவறு 0.5 மி.மீ., கோட்டு அகலத்தில் 1 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். 50 மி.மீ. என்றால் தவறு 0.125, அகலத்தில் கால் மி.மீ., உற்றுப் பார்ப்பவருக்குத் தெரியும். 20 மி.மீ. என்றால் 0.02, யாருக்கும் தெரியாது. இடைவெளியைப் பாதியாக்கினால் தவறு கால்வாசியாகிறது. அதற்காக 5 மி.மீ.க்குப் போவது வீண். அந்த அளவில் புரோப்பின் தடுமாற்றமும் மரத்தின் துவாரங்களும்தான் மேப்பில் பதியும், வளைவு பதியாது.

குறுக்கே 20 வைக்கச் சொன்னேன் என்பதற்காக நீளத்திலும் 20 வைக்காதீர்கள். மரம் இழை வாக்கில் அவ்வளவாக வளைவதில்லை. எழுத்து வரும் பகுதி 540-க்கு 160 என்றால், குறுக்கே 20 மி.மீ.க்கு ஒன்றாக 9 புள்ளி, நீளத்தில் 90 மி.மீ.க்கு ஒன்றாக 7 புள்ளி, மொத்தம் 63. ஒரு புள்ளிக்கு ஆறு விநாடி என்றால் ஆறேழு நிமிடம். இரண்டு பக்கமும் 20 வைத்திருந்தால் 252 புள்ளி, இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பலகை ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் காசு.

கேண்டில் மென்பொருளில் ஹைட்மேப் என்ற பகுதி, பிசிஎன்சியில் புரோப் பக்கத்தில் உள்ள ஆட்டோலெவல், யூனிவர்சல் ஜி-கோட் சென்டரில் ஆட்டோ லெவலர், மூன்றுமே இந்த வேலையைச் செய்யும். எல்லை, இரண்டு திசையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை அல்லது இடைவெளி, இறங்கும் ஆழம், வேகம் கொடுத்தால் போதும். மூன்றிலும் எது உயர்ந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. உங்களுக்கு எது பழக்கமோ அதுவே நல்லது.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜி-கோடில் (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) 'இங்கிருந்து 300 மி.மீ. தள்ளி அங்கே போ' என்று ஒரே வரி இருந்தால், இரண்டு முனையின் இசட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. நடுவில் பிட் நேராகத்தான் போகும். அதனால் மென்பொருள் அந்த வரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முனைக்கும் மேப்பிலிருந்து உயரத்தைக் கூட்டுகிறது. துண்டின் நீளத்தை 5 மி.மீ. அளவில் வையுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி 5 மி.மீ.யில் வரும் தவறு 0.00125 மி.மீ.தான். 0.1 மி.மீ. என்று வைத்தால் கோப்பு ஊதிப்போகும். ஜிஆர்பிஎல் சில வரிகள் மட்டுமே முன்கூட்டிப் பார்ப்பதால் அவ்வளவு சின்னத் துண்டுகளில் வேகம் எடுக்க முடியாமல் தயங்கித் தயங்கி ஓடும், மரத்தில் கருகல் தெரியும். வட்ட வில் கட்டளைகளான ஜி2, ஜி3 இருந்தால் அவையும் நேர்கோட்டுத் துண்டுகளாக மாற வேண்டும். மாறாமல் விட்டால் அந்த இடங்களில் மட்டும் ஆழம் தப்பும். 'ழ', 'ஞ' மாதிரி சுழி உள்ள எழுத்தில் மட்டும் பிசகு வந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

இனி, ஜீரோ. இந்த முறையில் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். மேப்பில் இருப்பவை எல்லாம் ஒரு புள்ளியோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கங்கள். அந்தப் புள்ளியில் திருத்தம் பூஜ்யம். புரோப்பைக் கழற்றி வி பிட்டை மாட்டினால் நீளம் மாறுகிறது, ஆனால் மேப்பின் வடிவம் மாறவில்லை. அதனால் மறுபடி மேப் எடுக்க வேண்டாம். பிட்டை எக்ஸ், ஒய் இரண்டிலும் அதே புள்ளிக்குக் கொண்டுபோய், பித்தளைத் தகட்டை வைத்துத் தொட்டு அதன் கனத்தைக் கழித்தோ, தாளை நுழைத்து உரசிப் பார்த்தோ இசட் ஜீரோ எடுங்கள். சாதாரண ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. வேறு புள்ளியில் ஜீரோ எடுத்தால், அந்த இடத்தின் மேடுபள்ளம் முழுவதும் பலகை எங்கும் கூடுதலாகச் சேர்ந்துவிடும். மேப்பின் தோற்றப் புள்ளியை எழுத்து வராத ஒரு மூலையில் வைத்து, மேலே ஒட்டும் சின்ன டேப்பில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. ஹோம் சுவிட்ச் (தொடக்க இடத்தைக் காட்டும் சுவிட்ச்) இல்லாத இயந்திரத்தில் மேப் எடுத்ததற்கும் வெட்டுவதற்கும் நடுவில் கரண்ட் போனால் எக்ஸ், ஒய் இடமே தொலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான்.

வெட்டுவதற்கு முன் மேப்பை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். மரத்தின் வளைவு மெதுவாக ஏறி இறங்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் கோபுரம் மாதிரி நின்றால் அது மேடு இல்லை, தூசியோ மரத்தூளோ. துடைத்துவிட்டு அந்தப் புள்ளியை மட்டும் மறுபடி அளக்கலாம். கணு இருக்கும் இடத்தில் உண்மையாகவே கொஞ்சம் புடைத்திருக்கும், அதை அழிக்க வேண்டாம். கடைசியாக முதல் புள்ளிக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடுங்கள். முதலில் வந்த அளவுக்கும் இதற்கும் 0.02, 0.03-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ நழுவியிருக்கிறது: கிளாம்ப், பெல்ட், ஸ்டெப்பர் மோட்டார், ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் அந்த மேப்பை நம்பாதீர்கள். கட்டத்தின் நடுவில், அளக்காத இரண்டு மூன்று இடங்களில் தொட்டு, மேப் சொல்லும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடைவெளி போதுமா என்பதும் தெரிந்துவிடும்.

மேப்பை ஏற்றிய பிறகும் ஓரங்களில் மட்டும் லேசாக வித்தியாசம் நின்றால் இசட் அச்சின் பேக்லாஷை (திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் உள்ள தளர்வு) பாருங்கள். தட்டையான வேலையில் இசட் ஒரு முறை இறங்கிவிட்டு அங்கேயே நிற்கும், பேக்லாஷ் தெரியாது. வளைவைப் பின்தொடரும்போது இசட் ஓயாமல் ஏறி இறங்குகிறது. கனமான ஸ்பிண்டில் தன் எடையாலேயே திருகின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், தப்பிக்கலாம். லேசான ஸ்பிண்டிலை வி பிட்டின் எதிர்விசை மேலே தள்ளும். ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஆழம் வேறு வேறாக வரும். நட்டை மாற்றுவதுதான் தீர்வு, மென்பொருளில் தேட வேண்டாம்.

எழுத்துக்குத்தான் மேப். பலகையின் ஓரத்தை வடிவமாக அறுப்பது, தொங்கவிடும் துளை, பின்பக்கப் பள்ளம், இவை எதற்கும் மேப் போடக்கூடாது. அறுத்து வெளியே வர வேண்டிய வெட்டுக்குக் கணக்கு பெட்டிலிருந்துதான். மேப்போடு அறுத்தால் ஓரிடத்தில் பலகை அறுபடாமல் நிற்கும், இன்னோரிடத்தில் பெட் அறுபடும். பித்தளை எழுத்தைப் பதிக்கும் பள்ளத்துக்கும் அடிப்பக்கம் மட்டமாக இருக்க வேண்டும். அதற்கும் மேப் கூடாது. எழுத்து ஒரு கோப்பு, மற்றதெல்லாம் இன்னொரு கோப்பு என்று கேம் மென்பொருளிலேயே (வரைபடத்தை ஜி-கோடாக மாற்றுவது) பிரித்து வைத்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளித் தட்டு, குத்துவிளக்கு அடித்தட்டில் பெயர் போடுகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள், அதனால் இடையில் ஒரு வார்த்தை. வெள்ளியிலும் பித்தளையிலும் கிளிப் மாட்டி நேராகப் பிட்டாலேயே அளக்கலாம். தட்டைப் புரோப் உள்ளீட்டிலும், பிட்டைத் தரையிலும் இணையுங்கள். தலைகீழாக வேண்டாம், ஸ்பிண்டில் உடம்பு வழியாகப் பிட் ஏற்கெனவே தரையைத் தொட்டிருக்கலாம். ஆனால் மெல்லிய கோட்டில் பெயர் எழுதுவதுதான் வேலை என்றால் மேப் எதற்கு? ஸ்பிரிங் வைத்த வைர முனை கிடைக்கிறது. ஸ்பிண்டிலை ஓட்டாமல் இழுத்தே கீறும், ஒன்றிரண்டு மி.மீ. மேடுபள்ளத்தை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிட அளவெடுப்பு மிச்சம்.

கையில் பிடிக்கும் டிஎஸ்பி கன்ட்ரோலர் வைத்த பெரிய மர ரவுட்டர்களில் வழக்கமாக ஒரு புள்ளியில் டூல் ஜீரோ எடுக்கும் வசதிதான் இருக்கும். அவர்கள் ஸ்பிண்டிலில் டயல் கேஜைக் கட்டி, இசட்டை அசைக்காமல் புள்ளிக்குப் புள்ளி நகர்த்தி, முள் காட்டுவதைக் காகிதத்தில் எழுதி, கணினியில் ஜி-கோடைத் திருத்தி பென்டிரைவில் கொண்டுபோகலாம். கஷ்டம்தான், ஆனால் நடக்கிற வழி. விஎம்சி (உலோகம் வெட்டும் செங்குத்து மில்லிங் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்கு ஃபானுக் கன்ட்ரோலரில் ஜி31 இருக்கிறது. தொட்ட இடம் #5061, #5062, #5063 மாறிகளில் வந்து உட்காரும், மேக்ரோ எழுதத் தெரிந்தால் மேப் போடலாம். லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் ஜி38.2-ன் விடையும் #5061-லிருந்துதான் தொடங்கும், அளந்த புள்ளிகளை நேராகக் கோப்பில் எழுதவும் அதில் வசதி உண்டு.

உங்கள் பலகை ஏன் இவ்வளவு வளைகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது இயந்திரத்தில் இல்லை. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் வளர்க்கிற மரம்தான் சில்வர் ஓக். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில், பனியிலும் ஈரத்திலும் அறுத்து அடுக்கிய பலகை, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்து வெயிலுக்கு வருகிறது. இங்கே வந்ததும் ஈரத்தை விட ஆரம்பிக்கும். ஒரு முகத்தில் பாலிஷ் கனமாகவும் மறுமுகத்தில் லேசாகவும் இருந்தால் லேசான பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்கும், பலகை அந்தப் பக்கம் குழியும். பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், நடுவில் சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி ஒன்றிரண்டு வாரம் பட்டறையிலேயே கிடக்கவிடுங்கள். இரண்டு முகத்துக்கும் ஒரே அளவு பாலிஷ் போடச் சொல்லுங்கள். காலையில் மேப் எடுத்துவிட்டு மதியம் வெட்டுவதும் கூடாது. கூரைத் தகடு கொதிக்கும் பட்டறையில் அந்த நான்கு மணி நேரத்தில் பலகை இன்னொரு வடிவத்துக்குப் போயிருக்கலாம். அளந்த கையோடு வெட்டிவிட வேண்டும்.

முதல் தடவை நல்ல பலகையில் ஓட்டாதீர்கள். கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு மூலையின் அடியில் வேண்டுமென்றே 2 மி.மீ. தகட்டைச் செருகுங்கள். மேப் எடுத்து, 0.5 மி.மீ. ஆழத்தில் நான்கு மூலையையும் தொடும்படி ஒரு செவ்வகத்தை, பிட்டை மரத்துக்கு 5 மி.மீ. மேலே வைத்து ஓட்டிப் பாருங்கள். தூக்கிய மூலையில் பிட் ஏற வேண்டும். அங்கே இறங்கினால் திருத்தத்தின் கூட்டல் கழித்தல் குறி தலைகீழாக இருக்கிறது. ஏறினால் ஜீரோவை மரத்துக்கு இறக்கி வெட்டுங்கள். பிறகு வெர்னியரை எடுத்து நான்கு மூலையிலும் கோட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 0.5 ஆழத்துக்கு 1 மி.மீ. வர வேண்டும்; நான்கும் அதற்குப் பத்தில் ஒரு மி.மீ.க்குள் ஒத்துப்போனால் அடுத்தது பங்களா பலகையை மாட்டலாம்.